இருமல் மிட்டாய்

இடதுசாரி எதிர்க்கட்சியின் புதிய தலைவர் பேச எழுந்ததுமே கூச்சல் கிளம்பியது.

"ஆலை முதலாளி பக்கத்துல நின்னு சிரிச்சீங்களே, போட்டோ இருக்கு!"

"அது கூலி உயர்ந்த சந்தோஷத்துல…"

"சிரிச்சது சிரிச்சதுதான்! ராஜினாமா பண்ணுங்க!"

பதவிக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இன்றே விலகிவிடுவது என்ற முடிவோடு நாடாளுமன்றத் தாழ்வாரத்துக்கு வந்தார்.

அவ்வழியே வந்த ஒருவர் நின்று, சட்டைப் பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாயை நீட்டினார்.

"வாயில போடுங்கண்ணே. விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க."

"ஒருத்தன்கூடப் பேச விடலியே, தம்பி!"

"எனக்கும் முதல் நாள் இதே அர்ச்சனைதான். தாக்குப்பிடிச்சேன்ல?"

மிட்டாய் இதமாகத் தொண்டைக்குள் இறங்கியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சபையில, பிரதமர்னுகூடப் பார்க்காம உங்களைக் கிழிச்சுத் தொங்கவிடப் போறேன், தம்பி."

"தாராளமாக் கிழிங்கண்ணே. அதுக்குத் தொண்டை வேணுமே, இன்னொண்ணு வச்சுக்குங்க" என்று சிரித்தபடி நடந்தார் பிரதமர்.

தலைவர் தோளை நிமிர்த்திக் கதவைத் தள்ளினார். உள்ளே, சொந்தக் கட்சித் தோழர்கள் அவருக்காக ஏற்பாடு செய்த பாராட்டுக் கூட்டம் இன்னும் முடியவில்லை.