பின்னால் எரிகிற விளக்கு

சைக்கிள் கடையின் கண்ணாடி மேஜைமேல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள் அவள்.

இரண்டும் சார்ஜ் போட்டு எரிக்கிற சைக்கிள் பின்விளக்குகள்தான். ஒன்று நல்லது. சார்ஜ் குறைந்தாலும் மங்கலாக எரிந்தபடியே வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இன்னொன்று, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்த சரக்கு. கொஞ்ச நேரம் ஜோராக எரியும். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும்.

ஓட்டுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. தன் முதுகுக்குப் பின்னால் எரிவதை யார் பார்த்தார்கள்?

"ஆபீசுக்கு இனி சைக்கிள்தாம்மா. டாக்டர் சொல்லிட்டார். திரும்பி வர்றப்ப இருட்டிரும். நம்பி வாங்குற மாதிரி ஒண்ணு குடு" என்றான் வந்தவன்.

"குடுக்கறேனுங்க சார்."

வாய்தான் சார் என்றது.

அவனுக்கு அவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வழக்கு நடந்த அத்தனை நாளும் கோர்ட்டில் அவள் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

அவள் புருஷன் குழந்தைவேலு, ஷிப்ட் முடிந்து இருட்டில் மில் ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். பின்னாலிருந்து இடித்தது இவனுடைய கார்.

கூண்டில் ஏறி இவன் ஒரே வாக்கியம் சொன்னான். சைக்கிளில் பின்னால் லைட்டே எரியவில்லை.

சக்கரத்துக்கு அடியில் நொறுங்கிப் போன விளக்கு எழுந்து வந்து சாட்சி சொல்லுமா? கோர்ட் இவனை நம்பியது. இவன் தன் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

பழி செத்தவனோடு நிற்கவில்லை. அந்த விளக்கைத் தினமும் சார்ஜ் போடுகிறவள் அவள்தானே.

மறந்துட்டியா என்று மாமியார் ஒரே ஒரு தடவை கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்றிலிருந்து மருமகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஒரே வீடு, இரண்டு அடுப்பு.

போட்டேன் அத்தை, போட்டேன் அத்தை என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போட்டேனா?

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நின்று நின்று அதற்கும் கால் வலித்ததோ என்னவோ, ஆளைக் கடைக்கே அனுப்பிவிட்டது.

கெட்ட பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

போகட்டும், இருட்டில் போகட்டும், பின்னால் ஒரு லாரி வரட்டும் என்றுதான் இருந்தது.

அவன் பெட்டியைப் புரட்டிப் பார்த்தான். மேஜை ஓரத்தில் அட்டையில் கோத்துத் தொங்கிய சின்ன வட்ட விளக்குகள் கண்ணில் பட்டன. குழந்தைவேலு வைத்திருந்ததும் அந்த ரகம்தான்.

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இத மட்டும் யாருக்கும் குடுக்காதம்மா. விட்டு விட்டு மினுக்கும். எங்கியோ தூரத்துல போற மாதிரி இருக்கும். கிட்ட வந்துட்டா பிரேக் போட நேரமிருக்காது. நம்ம மில் ரோட்டுல நானே ஒருக்கா ஏமாந்துட்டேன்."

பெரிய அனுபவஸ்தன் மாதிரி தலையை வேறு ஆட்டிக்கொண்டான்.

எரிந்திருக்கிறது.

அவள் சார்ஜ் போட்டிருக்கிறாள். அது எரிந்திருக்கிறது. இவன் பார்த்திருக்கிறான்.

கெட்ட பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, மேஜைக்கு அடியில் போட்டாள். இவன் இருட்டில் அடிபட்டுச் செத்துத் தொலைந்தால் இதை வேறு யார் வந்து சொல்வது? இவன் நூறு வயசு இருக்க வேண்டும்.

நல்ல விளக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

பிறகு தன் செல்போனில் மாமியாரின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவே கண்ணாடிமேல் வைத்தாள்.

"மில் ரோட்டுல செத்துப்போன குழந்தைவேலுவோட அம்மா எடுப்பாங்க. இப்பச் சொன்னத அப்படியே அவங்ககிட்ட ஒருக்காச் சொல்லிப்போடுங்க."

அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் விளக்கைக் கீழே வைக்கவும் இல்லை, வாசல் பக்கம் நகரவும் இல்லை.

மறுமுனையில் எடுத்தாகிவிட்டது.

"ஆரு பேசறது?"