அமெரிக்காவிலிருந்து குடிவந்த அதிரசக் கடை

ஆள் வராத கடையை இடம் மாற்றினால் ஆள் வந்துவிடுமா, சொல்லுங்கள்?

அதிரசம் விற்கிற ஓர் இணையதளம் அப்படித்தான் நம்பியது. "இந்த மாசமும் யாரும் வரலேன்னா மூடிடுவேன்" என்று முதலாளி செண்பகம் சொல்லியிருந்தாள். "நான் குடியிருக்கிற சர்வர் கம்ப்யூட்டர் அமெரிக்காவுல கெடக்கு, அதான் யாரும் வரலே" என்று தளம் அழுது, சென்னை சர்வருக்குக் குடிவந்தது. பக்கம் சட்டென்று திறந்தது. ஆள்தான் இல்லை.

மாசக் கடைசியில் தேடுபொறியின் எறும்பு வந்தது. எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துப்போய்ச் சொல்வது அதன் வேலை.

"பக்கத்துலயே வந்துட்டேனே அண்ணே, இன்னும் ஏன் என்னை யாருக்கும் காட்டலே?"

"நீ தூரத்துல இருந்தப்பவும் வந்தேனே, தாயி. அன்னைக்கும் மூணு வருசத்துக்கு முந்தின தீபாவளித் தள்ளுபடி, இன்னைக்கும் அதே. கேக்கிறவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?"



"நாளைக்கு மூடிடுவாங்க. அதுக்குள்ள யாராவது அதிரசம்னு தேடினா, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிடு, அண்ணே."