தலைகீழாக அச்சிட்ட விடைகள்

அவனுக்கு விடைகள் நேராகத் தெரிந்தன.

சிறுவர் செய்தித்தாளின் கடைசிப் பக்கம். குறுக்கெழுத்துப் புதிர். கீழே, பொடி எழுத்தில், தலைகீழாக அச்சிட்ட விடைகள்.

படிக்கிற பிள்ளைக்குத்தான் அது தலைகீழ். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு இல்லை.

அவன் பார்வையைத் தன்னுடைய செய்தித்தாளுக்குத் திருப்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் சாருமதி. ஒன்பது வயது. பல்லுக்கிடையில் பென்சில்.

சுகந்தியைக் கல்யாணம் செய்துகொண்டு உறையூரில் இருக்கும் இந்த வீட்டுக்கு அவன் வந்தது வைகாசியில். மனைவியோடு மகளும் கிடைத்தாள் என்றார்கள் நண்பர்கள்.

மகள் அப்படிச் சொல்லவில்லை.

அப்பா என்ற சொல்லுக்கு அவளிடம் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். கூடத்துச் சுவரில், மாலையோடு.

இவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"ம்மா, சட்னி வேணுமான்னு கேளு."

"ம்மா, ஃபேனைக் குறைக்கச் சொல்லு."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் அவன் இருப்பான்.

தானாகப் பேசட்டும் என்று சுகந்தியிடம் சொல்லியிருந்தான். சொல்வது சுலபமாக இருந்தது.

பேப்பர்காரரிடம் சொல்லி இந்தச் சிறுவர் தாளை வரவழைத்தவனும் அவன்தான். முதலில் சில வாரங்கள் அது மடிப்புக் கலையாமல் செருப்பு ஸ்டாண்டின் மேல் கிடந்தது. பிறகு ஒரு நாள் மடிப்புக் கலைந்திருந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை.

சாருமதி நிமிர்ந்தாள். அவன் கண் எங்கே போய்வந்தது என்பதைப் பிடித்துவிட்டாள்.

"ம்மா, விடையைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லு."

"பாக்காதீங்களாம்," என்றாள் சுகந்தி, சமையலறையிலிருந்து.

சாருமதி பென்சில் டப்பாவை எடுத்து விடைகளின் மேல் வைத்தாள்.

அதற்குள் அவன் படித்துவிட்டிருந்தான்.

தவளை.

அவள் முதலை என்று எழுதியிருந்தாள். நீரிலும் நிலத்திலும் வாழும், மூன்று எழுத்து. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுக்கட்டத்தில் 'த' உட்கார்ந்துகொண்டு, குறுக்கே போகும் 'கவசம்' என்ற சொல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"கதசம்," என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

ரப்பரை எடுத்தாள்.

கவசத்தை அழித்தாள். முதலை அப்படியே இருந்தது.

சரியாக இருந்ததைத்தான் அழிக்கிறாள். சொன்னால், பார்த்தது உறுதியாகிவிடும். இன்னும் எத்தனை ஞாயிறுகளுக்கு அந்த டப்பா அங்கேயே இருக்குமோ.

அவள் வெற்றுக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரம் சிவந்தது. தாளை மடிக்கப் போனாள்.

அவன் தன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கினான்.

"க்ரொக்."

மின்வாரியத்தில் உதவிப் பொறியாளன். அலுவலகத்தில் அவன் சத்தமாகச் சிரித்துக்கூட யாரும் கேட்டதில்லை.

"என்னங்க, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் சுகந்தி. "வெந்நி வைக்கவா?"

"வேணாம்."

அவன் பங்குச் சந்தைச் செய்தியின் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

பிறகு ரப்பர் தேய்ந்தது. பென்சில் கீறியது. யாரோ 'ஃபூ' என்று ஊதினார்கள். ரப்பர் தூள் மேசையைத் தாண்டி அவன் பக்கம் வந்து விழுந்தது.

தாளைக் கொஞ்சம் இறக்கினான்.

முதலை போயிருந்தது. கவசம் திரும்பியிருந்தது. சாருமதி சிரிக்கவில்லை. உதடுகளை உள்ளே மடித்து, பற்களால் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தாள்.

அவள் கை நீண்டது. விடைகளின் மேலிருந்த டப்பாவை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தது.

"ஏழு. மேலிருந்து கீழ்." புதிரை விட்டுக் கண்ணை எடுக்காமல் படித்தாள். "மழை மேகத்தைக் கண்டால் ஆடும். மூணு எழுத்து."

அந்த வாக்கியத்துக்கு முன்னால் 'ம்மா' இல்லை.

அவன் விடைகளைப் பார்க்கவில்லை. கட்டங்களைப் பார்த்தான். தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

ம. யி. ல்.

எப்போதோ எழுதி முடித்திருந்தாள்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் செய்தித்தாளை மடித்தான். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஆட இடம் பண்ணிக்கொண்டான்.