ஹசிந்தோ போட்ட முடிச்சு

தன் கணவன் பேரில் அந்தக் கயிற்றில் எத்தனை முடிச்சு விழப்போகிறது என்று பார்ப்பதற்காகவே, உத்சிமா உப்பில்லாத சோள ரொட்டியைத் தின்றுகொண்டு, மலையிலிருந்து லாரியில் குலுங்கிக் குலுங்கி விரிகுத்தா பாலைவனம் வரை வந்திருந்தாள்.

காலையில் ஹிக்குரிக் கள்ளி பறிக்க வேண்டும். தின்றால் தெய்வத்தைக் காட்டும், தேய்த்தால் வலியைப் போக்கும் கள்ளி அது. ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால், இன்று பொழுது சாயும்போது, ஒவ்வொருவரும் தெய்வமான நெருப்புத் தாத்தாவின் எதிரில் எழுந்து நிற்க வேண்டும். கட்டியவரைத் தவிர யார் யாரோடு பழகினோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும் ஒவ்வொரு பெயருக்கும் கயிற்றில் ஒரு முடிச்சு. கடைசியில் கயிறு நெருப்புக்குப் போகும். அத்தோடு எல்லாம் சாம்பல். யாரும் யார்மேலும் கோபப்படக் கூடாது, கட்டின பெண்டாட்டி உட்பட.

"எதையாவது ஒளிச்சீங்க, ஹிக்குரி இருக்கிற நோயைத் தீர்க்காது. கூட நாலு நோயைக் கொடுத்து அனுப்பும்" என்றார் மாரகாமே. ஊருக்கு வைத்தியரும் அவர்தான், பூசாரியும் அவர்தான். முதலில் தன் பெயர்களைச் சொல்லி முடிச்சுப் போட்டவரும் அவரே. அவர் மனைவி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இது தேவலை" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். உத்சிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மழை முடிந்த சமயம், ஒரு ராத்திரி முழுக்க ஹசிந்தோ வீட்டுக்கு வரவில்லை. எங்கே போனாய் என்று கேட்டதும் கோடரியைத் தூக்கிக்கொண்டு விறகு வெட்டக் கிளம்பிவிட்டான். அடுத்த சந்தையில் ஒரு பை நிறைய நீலப் பாசிமணி வாங்கி வந்து அவள் மடியில் கொட்டினான். கேட்காமலே மணி வாங்கித் தருகிற ஆம்பிளை எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறான் என்று அவளுடைய அக்கா அப்போதே சொல்லிவிட்டாள்.

அதே ராத்திரியில்தான் அதே ஊர் மகாரியோவின் செவலைக் காளையும் தொலைந்தது.

"மணி வாங்கக் காசு ஏதுடா உனக்கு?" என்று லாரியிலேயே ஹசிந்தோவிடம் மகாரியோ ஆரம்பித்திருந்தான். "நான் தொழுவத்து வாசல்லயே காவல் படுத்திருந்தேன். கொஞ்சம் கண்ணசந்துட்டேன், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பினதும் உன்னைச் சபையில நிறுத்தறேன் பாரு."

சபை சும்மா விடாது. திருடனின் காலில் மரக்கட்டை மாட்டி உட்கார வைக்கும். ஒரு காளைக்கு இரண்டு காளை கேட்கும்.

உத்சிமாவுக்குக் காளையைப் பற்றிக் கவலையில்லை. எந்தப் பெயரைச் சொல்லப்போகிறான்?

ஹசிந்தோ எழுந்தான். நெருப்பைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"ஒரே பேருதான். துராமா."

"ஓகோ!" என்றது கூட்டம். துராமா ஊரின் அந்தக் கோடியில் தனியாக இருக்கும் விதவை. காய்ச்சல் என்று இந்தப் பயணத்துக்கு வரவில்லை.

"எப்ப மச்சான்?" என்றது ஒரு குரல்.

"ஒரே ஒரு ராத்திரி. மகாரியோ அண்ணன் காளை காணாமப் போச்சே, அன்னைக்கு. இருட்டினதும் போனேன். கோழி கூவினப்புறம்தான் வெளியில வந்தேன்."

"யோவ் மகாரியோ! உன் காளைத் திருடன் வேற வேலையா இருந்திருக்கான்யா!" என்று ஒருவர் கத்த, நெருப்பைச் சுற்றி ஒரே சிரிப்பு.

மாரகாமே முடிச்சுப் போட்டார். ஹசிந்தோ பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான்.

"அழறியா?" என்று கிசுகிசுத்தாள் பக்கத்திலிருந்த செலியா. மகாரியோவின் மனைவி.

"கோபப்படக் கூடாதுன்னுதானே சொன்னாங்க அக்கா? அழக் கூடாதுன்னு சொல்லலியே." கழுத்திலிருந்த நீல மணியை அறுத்து எறிந்துவிடலாம் போல உத்சிமாவுக்குக் கை துறுதுறுத்தது.

"விடுடி. சொன்னதே பெரிசு. என் வீட்டுக்காரர் மாதிரி ஒழுங்கா தொழுவத்துல படுத்துக் கிடக்கிற ஆளு எல்லாருக்கும் அமையுமா என்ன?"

கடைசியாக மகாரியோவின் முறை. அவன் முகம் கறுத்திருந்தது. பிடித்த திருடன் கையை விட்டுப் போனால் யாருக்குத்தான் கறுக்காது?

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா" என்றான்.

"ஒண்ணுமில்லாதவன் எதுக்குடா இந்த முழி முழிக்கிறே?" என்றார் மாரகாமே. "முட்டிவலிக்கு மருந்து வேணும்னுதானே வந்தே? ஒளிச்சு வெச்சுட்டு, நொண்டிக்கிட்டே ஊர் போய்ச் சேரப் போறியா?"

மகாரியோ முழங்காலைத் தடவிக்கொண்டான். செலியாவைப் பார்த்தான். ஹசிந்தோவை முறைத்தான். விறகு ஒன்று பட்டென்று வெடித்ததும் திடுக்கிட்டு எழுந்தான்.

"துராமா" என்றான், தனக்கே கேட்காத குரலில். "ரெண்டு மழைக்காலமா. காளை போன அன்னைக்கு ராத்திரி பூரா அவ வீட்ல இருந்தது நான்தான். இந்தப் பய அங்க எட்டிக்கூடப் பார்க்கல."

செலியா திறந்த வாயை, விதி ஞாபகம் வந்து, பல்லைக் கடித்து மூடிக்கொண்டாள். ஹசிந்தோ லாரி நிற்கும் திசையைப் பார்த்தான்.

மாரகாமே கயிற்றை உயர்த்திப் பிடித்து, ஹசிந்தோவின் முடிச்சை நகத்தால் நெருடி அவிழ்த்தார். "முடிச்சை ஒளிச்சவங்களை நிறையப் பார்த்திருக்கேன். இல்லாத முடிச்சைப் போட்டவனை இப்பதாண்டா பார்க்கிறேன்! பொம்பளை விஷயம்னா நெருப்போட போயிடும். காளை விஷயம் சபைக்குல்ல போகும்?"

உத்சிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்து மணியை நேராக்கிவிட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்பாடா, வெறும் காளைதானா!"