பல் தேயாத கியர்

"ஏட்டி பிந்து, இதுக்குள்ள நாலு கோழிய விட்டேன்னா முட்டையாவது கிடைக்கும். இதுவா மலை ஏறப் போவுது?"

ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த பிந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள். பக்கத்து வீட்டு முத்துநாயகம் வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஏறும் மாமா. பள்ளிக்கூடம் திறக்கட்டும். மலைப் பிள்ளைகள இதுலதான் இறக்குவேன்."

"இறக்குவ, இறக்குவ. தள்ளி இறக்குவ."

பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் எஸ்டேட் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவது இத்தனை வருஷமும் முத்துநாயகத்தின் பழைய ஜீப்தான். பிந்துவின் வண்டி மலை ஏறிக் காட்டினால் இந்த வருஷம் அந்த வேலை அவளுக்கு என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லியிருந்தார். ஏறாவிட்டால், பழையபடி அவருக்கு.

எஸ்டேட் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ஜீப்பை அவள் வாங்கியபோது ஊரே சிரித்தது. விடுமுறை முழுக்க அதோடுதான் கிடந்தாள். இன்ஜினைப் பிரித்துப் பூட்டினாள். பிரேக்கை மாற்றினாள். முன்சக்கரங்களுக்கு விசையைக் கொடுக்கும் கியர் மட்டும் அமையவில்லை. பழையது பல் உடைந்து போயிருந்தது. அது இல்லாமல் மழைக்காலத்தில் அந்த மலைப்பாதையில் ஏற முடியாது. அந்த மாடல் ஜீப்பே இப்போது வருவதில்லை. நாகர்கோவிலில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

"அந்தக் கியரு உனக்குக் கிடைக்காது, கேட்டியா," என்றார் முத்துநாயகம். "களியக்காவிளையில ஜெபிஷ் எண்ணு ஒருத்தன் இருக்கான். பழைய ஜீப்ப உடைச்சு விக்கவன். அவன் கடையில போய்த் தலைகீழா நிண்ணாலும் கிடைக்காது."

மறுநாள் காலையிலேயே பிந்து களியக்காவிளைக்குப் பஸ் ஏறினாள்.

ஜெபிஷ் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போனான். கிரீஸ் படிந்த துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"உங்க யோகம் அக்கா. இந்த வாரந்தான் வந்துது."

பிரித்துப் பார்த்தாள். அவள் தேடிய அதே கியர். திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வேலியருகே வந்து நின்றாள்.

"பாத்தியளா மாமா! கிடைக்காதுண்ணு சொன்னியளே!"

முத்துநாயகம் கியரை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏதோ உடைசல் வண்டியில உள்ளதாக்கும்."

"சும்மா இருங்க. ஒரு பல்லு தேயல்ல. இத ஓட்டின ஆளு வண்டியப் பிள்ளை மாதிரி வச்சிருந்திருக்காரு. அவரக் கண்டா கையெடுத்துக் கும்பிடணும்."

"கும்பிடு, கும்பிடு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளோட்டத்தன்று நல்ல மழை. மேனேஜர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். செங்குத்தான வளைவில் பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கின. பிந்து முன்சக்கரத்துக்கான லிவரைப் போட்டாள். ஜீப் ஒரு முறை உறுமியது. பிறகு மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறியது. மேலே மழைக்கு ஒதுங்கி நின்ற, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் விசில் அடித்தார்கள்.

"கொள்ளாம், நல்லா ஏறுது," என்றார் மேனேஜர். "திங்கக்கிழமை முதல் நீ வா."

இறங்கி வந்தவள் முத்துநாயகம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரனை விடாமல் அழுத்தினாள்.

"மாமா! ஏறியாச்சு! உங்க வண்டிய வெளிய எடுங்க. சேந்து ஒருக்கா மலை ஏறுவோம். யாரு முந்துதாண்ணு பாப்போம்!"

முத்துநாயகம் வெளியே வந்தார். டயரில் அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி நேசபாய் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எந்த வண்டிய மக்கா எடுக்க? இவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு. இனி பிள்ளைகள ஏத்தப்பிடாது, நேர குடுத்தா நீயும் வாங்கமாட்டியேண்ணு, இதே மாடலான எங்க வண்டிக்க கியரக் கழத்தி, உனக்கு முன்னாலயே களியக்காவிளைக்குப் பஸ் ஏறினவராக்கும் இந்த மனுஷன்."