சிவப்புக் குமிழ்

"இந்த ஹாலோட மொத்தச் சத்தமும் இப்ப உங்க கையிலம்மா" என்றபடி சவுண்ட்காரர் மேசைமேல் இருந்த சிவப்புக் குமிழைக் காட்டினார். "ஜாஸ்தின்னு தோணுச்சா, இடது பக்கம் திருகுங்க. யாரையும் கேக்க வேணாம்."

மாடி வீட்டம்மா குமிழைத் தொட்டுப் பார்த்தார். கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் 'உஷ்' சொல்லியே ஓய்வு பெற்றவர். வீடு இந்த ஓவியக் கூடத்தை ஒட்டினாற்போல் இருந்தது. இங்கே நடக்கும் சனிக்கிழமை சாயங்காலக் கச்சேரி தன் ஜன்னல்களை ஆட்டுகிறது என்று இதுவரை மூன்று மனு கொடுத்திருந்தார்.

நகராட்சி கறாராகச் சொல்லிவிட்டது. ஆட்சேபம் இல்லை என்று அந்தம்மா கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து கூடத்தில் ஓவியம் மட்டும்தான், பாட்டு கிடையாது. சனிக்கிழமையை நினைத்தே மற்ற ஆறு நாட்களை ஓட்டுகிற சவுண்ட்காரருக்கு, இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கூடத்தின் பொறுப்பாளர் அவருடைய சொந்த அக்கா. தம்பியைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"ஏன்டா, நிஜமாவே அவங்க கையில குடுத்துட்டியா?"

"நான் என்ன லூசாக்கா? அது டம்மி."

ஒரு காலத்தில் அந்தக் குமிழ் நிஜமாகவே ஆம்ப்ளிஃபயரை ஆட்டிவைத்ததுதான். விழாக் குழுவில் ஆளாளுக்கு வந்து திருக ஆரம்பிக்கவும், சவுண்ட்காரர் கடுப்பாகி அதன் ஒயரைப் பிடுங்கி மேசைக்கு அடியில் போட்டுவிட்டார். ஒயரின் முனையிலும் அதைச் செருகும் துளையிலும் ஒட்டிய சிவப்பு டேப் மட்டும் அப்படியே இருந்தது.

அதன் பிறகு யார் வந்து 'சத்தம் தாங்கலை' என்றாலும், முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு குமிழைத் திருகிக் காட்டுவார். 'இப்ப பரவால்ல' என்று திருப்தியாகப் போவார்கள். கல்லூரி முதல்வர் உட்பட.

"படிச்சவங்க காதுலயே பூ சுத்தறே. ஒருநாள் வசமா மாட்டப்போறே, பாரு."

"மனுஷன் காதாலயா கேக்கறான்? கையாலதான்க்கா கேக்கறான்."

கச்சேரி தொடங்கியது. சவுண்ட்காரர் வழக்கம்போல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். மாட்டிவிட்டால் மிக்ஸரில் வருவதுதான் அவருக்குக் கணக்கு. ஹாலில் இடியே விழுந்தாலும் தெரியாது.

டிரம்ஸ் அதிரும்போதெல்லாம் சுவரில் மாணவர்களின் ஓவியங்கள் கோணிக்கொண்டன. அக்கா பாட்டுக்குப் பாட்டு எழுந்துபோய் அவற்றை நேராக்கினார். மாடி வீட்டம்மா குமிழை இடது பக்கம் திருகினார். இன்னும் கொஞ்சம் திருகினார்.

சவுண்ட்காரர் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கினார். "நல்லா குறைஞ்சிருச்சுல்லம்மா?"

"ம்ம்" என்றார் அவர். பிறகு, மேசையில் இறைந்துகிடந்த டேப் உருளைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?"

"பழகின கை தம்பி. எது எங்க இருக்கணுமோ அங்க இல்லைன்னா, எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

இடைவேளையில் சவுண்ட்காரர் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது, மாடி வீட்டம்மா தன் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். பேனா, பேட்டரி, பாட்டுப் பட்டியல் எல்லாம் மேசையில் அணிவகுத்து நின்றன. போகட்டும், பொழுது போனால் சரி என்று சவுண்ட்காரர் மறுபடி ஹெட்ஃபோனுக்குள் போய்விட்டார்.

இரண்டாம் பாதி முழுக்க மாடி வீட்டம்மாவின் கை குமிழை விட்டு அகலவில்லை. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, திரும்பக் கொஞ்சம் இடது. சவுண்ட்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

அக்கா ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. ஓவியங்களும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன. சட்டத்துக்குப் பின்னால் அட்டை ஏதாவது செருகியிருப்பார் என்று சவுண்ட்காரர் நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டுக்கு ஹாலே சேர்ந்து பாடியது. கைதட்டல் ஓய்வதற்குள் பாடகி மேடையிலிருந்து இறங்கி நேராக ஓடிவந்தாள்.

"அண்ணே, எங்கம்மா கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க. 'உன் பாட்டுல வார்த்தையெல்லாம்கூட இருக்காடி'ன்னு இன்னைக்குத்தான் கேக்கறாங்க! என்னண்ணே பண்ணீங்க?"

"எல்லாம் அனுபவம்மா" என்று சவுண்ட்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மாடி வீட்டம்மா ஆட்சேபமின்மைக் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். ஓர் இடத்தில் விட்டுப்போன புள்ளியை வைத்தார். பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சவுண்ட்காரர் வாயெல்லாம் பல்லாக அவர் காதருகே குனிந்தார். "கையால கேக்கறாங்கன்னு சொன்னேன்ல?"

வாசல்வரை போன மாடி வீட்டம்மா நின்று திரும்பினார்.

"அடுத்த வாரமும் எனக்கு இதே நாற்காலி வேணும்."

"உங்களுக்கு இல்லாததாம்மா? நாற்காலியும் உங்களுக்குத்தான், கன்ட்ரோலும் உங்களுக்குத்தான்."

"சரி. அந்தச் சிவப்பு டேப் ஒட்டின ஒயரை மட்டும் மறுபடி பிடுங்கிடாதீங்க தம்பி."