மூணாவது அவுட்புட்

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் இருமினான்.

பால் பாட்டில் கையிலேயே நின்றது. வெளியே இருட்டிவிட்டது. கணவன் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப்போய் வெகுநேரமாகிறது. பக்கத்து அறையில் இருப்பவனோ முடி வளர்த்த ரெக்கார்டிங் பையன். மாடியில் அவனுக்குப் பெயரே 'ஹெட்போன்'தான்.

மறுபடியும் இருமல். கூடவே செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம். அவரேதான்.

குழந்தையைத் தோளில் அள்ளிக்கொண்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலியை நகர்த்தினாள். தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகிறது. கேட்டால் ஹவுஸ் ஓனர் "நாளைக்கு" என்பார்.

திறந்தால், எதிரே அந்த ஹவுஸ் ஓனரே நின்றார்.

"குழாய் ஒழுகுதான்னு பார்க்க வந்தேம்மா."

இருட்டினால்தான் அவருக்குக் குழாய் ஞாபகம் வரும். உள்ளே வந்தால் லேசில் போக மாட்டார். போன மாதத்திலிருந்துதான் என்னவோ அவர் வருவது நின்றிருந்தது. கணவனிடம் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் சண்டை, சண்டை என்றால் வீடு காலி.

ஆனாலும் இன்றைக்கு அவரைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"சார், அந்த ரூம்ல இவர் இருமற சத்தம் கேட்குது."

அதே நேரம் இன்னொரு இருமல். ஓனர் சட்டென்று ஒரு படி கீழே இறங்கினார்.

"அவருக்கு இன்னைக்கு லீவா?"

"இல்ல சார், வேலைக்குப் போயாச்சு."

ஓனருக்கு உயிர் வந்தது. பக்கத்துக் கதவைத் தட்டு தட்டென்று தட்டினார்.

"ஏண்டா, பொண்ணு தனியா இருக்கிற இடம். வீட்டுச் சத்தத்தையெல்லாம் ஒட்டுக்கேட்டுப் பதிவு பண்றியா? கூச்சம் வேண்டாம்?"

ஹெட்போனைக் கழற்றியபடி பையன் வந்தான். மேஜையில் இரண்டு பெட்டிகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"ஐயையோ, வெளியில கேட்டுச்சா? இன்னைக்குத்தான் இன்னொரு ஆடியோ பெட்டி வாங்கி, ரெண்டையும் சாஃப்ட்வேர்ல ஒண்ணாச் சேர்த்தேன். எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குன்னு வெச்சிருந்த அவுட்புட் நம்பரெல்லாம் புரண்டுபோச்சு. மூணாவதுக்குப் போக வேண்டியது என் ரூம் ஸ்பீக்கர்ல கத்தியிருக்கு."

"கதை விடாதே. அவர் இருமல் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"அண்ணன்தான் வந்து இருமி, நடந்தும் கொடுத்தார். பாட்டுக்குன்னு கேட்டேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. 'நம்ம இருமல் பாட்டுல வரப்போகுதாக்கும்' என்று போன மாதம் கணவன் தலைகால் புரியாமல் திரிந்தானே.

"எந்த ஊர்ல இருமலுக்குப் பாட்டுப் போடறான்? நாளைக்கே காலி பண்ணு."

"தம்பி," என்றாள் அவள். "அந்த மூணாவது எங்கே போகும்?"

பையன் மேஜைக்குத் திரும்பினான். திரையில் எதையோ இழுத்து எதிலோ சேர்த்தான்.

படிக்கட்டு முனையில், மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் இருமினான். செருப்பைத் தேய்த்து நடந்தான்.

"படிக்கட்டு ஸ்பீக்கருக்குக்கா. போன மாசத்திலேருந்து, இருட்டினதும்."

ஓனர் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார். குழாயைப் பார்க்கவில்லை.

பையன் அறைக்குள் போய், ஸ்க்ரூடிரைவரும் பிரிக்காத புதுத் தாழ்ப்பாளுமாக வந்தான்.

"வாங்கி ரொம்ப நாளாச்சுக்கா. என்னைக் கண்டாலே நீங்க கதவைச் சாத்திடுவீங்க. எப்படிக் கொடுக்கறது?"

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். 

அவன் மாட்டிவிட்டுப் போனான். படிக்கட்டில் கணவன் இருமிக்கொண்டிருக்க, அவள் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.